சனி, ஞாயிறு: நாற்பத்தைந்து பாகை

இந்த வாரம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் தொடங்க வேண்டும். போன பகுதியைப் படித்த வாசகர் ஒருவர், "போத்தல் கழுவுகிறவர் போத்தலைப் பற்றி எழுதட்டும், விஞ்ஞானத்தை விஞ்ஞானிகள் எழுதுவார்கள்" என்று ஆசிரியருக்குக் கடிதம் போட்டிருக்கிறார். அவர் சொன்னதில் எனக்குப் பிழை தெரியவில்லை. நான் சாதாரண தரம், அதாவது பதினோராம் வகுப்புப் பரீட்சை வரை படித்தவள். விஞ்ஞானத்தில் கிடைத்தது வெறும் சாதாரண சித்தி, ஆகக் குறைந்த தேர்ச்சி. நாலு பேர் கூடிய இடத்தில் என் பெயரைச் சொல்லவே எனக்கு வாய் வராது. எழுதும்போது யாரும் முகத்தைப் பார்க்க மாட்டார்கள் என்ற துணிவில்தான் இந்தத் தொடருக்கு ஒப்புக்கொண்டேன்.

இந்த வாரம் எழுதப் போவதோ ஒரு பற்றீரியாவின் குணங்களைப் பற்றி. அந்த வாசகர் மறுபடியும் கோபிப்பார். பொறுத்துக்கொள்ள வேண்டும். இதற்குள் என்னுடைய பிழை ஒன்று இருக்கிறது. அதை எனக்காக ஒரு விஞ்ஞானி எழுத முடியாது.

நான் வேலை செய்கிற ஆய்வுகூடத்து மெடத்திடம் கேட்டு, அவர் "எழுதுங்கோ" என்ற பிறகுதான் எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

நெஞ்சோடு ஒரு கோப்பு

அது ஒரு திங்கட்கிழமை. நான் குசினியில் நின்றேன். எங்கள் ஆய்வுகூடத்தில் குசினி என்றால் பற்றீரியாவுக்குச் சமைக்கிற அறை. இறைச்சிச் சாறு, ஈஸ்ட், உப்பு, கடற்பாசியில் எடுக்கிற அகர் எல்லாம் அளந்து கரைத்து, பெரிய பிரஷர் குக்கர் போன்ற ஒரு யந்திரத்தில் அவித்து, கண்ணாடித் தட்டுகளில் ஊற்றி ஆற வைப்பேன். பழைய சூப்பின் வாசம் என் சேலையிலிருந்து போகாது. பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர்கள் நான் ஏதோ ஹோட்டலில் வேலை செய்கிறேன் என்று நினைப்பார்கள்.

வத்சலா மெடம் உள்ளே வந்தார். ஆய்வுகூடத்துக்கு அவர்தான் பெரியவர். யாழ்ப்பாணத்தில் பிறந்து வெள்ளவத்தையில் குடியிருப்பவர். அதிகம் சிரிக்காதவர். அன்று சிரித்துக்கொண்டு, நீலக் கோப்பு ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார்.

"ஸ்டெல்லா அக்கா, நீங்கள்தான் எங்களைக் காப்பாத்தப் போறியள்."

"நானா மெடம்?"

"இந்த லொக் ஷீட். ஒரு நாள் விடாமல் எழுதி வச்சிருக்கிறியள். சஞ்சிகைக்கு அனுப்பின எங்கட கட்டுரையைப் பாத்தவை, நாப்பத்தைஞ்சு பாகைச் சூட்டில பற்றீரியா வளந்ததுக்கு ஆதாரம் கேட்டிருக்கினம். வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் போகவேணும். இதை ஸ்கேன் பண்ணி அனுப்பினால் காணும். உங்கட கையெழுத்துத்தான் சாட்சி."

கோப்பைத் திறந்து காட்டினார். பற்றீரியா வளர்க்கிற பெட்டியின் சூட்டை நான் தினமும் குறிக்கிற தாள். என் நீல மைப் பேனா. திங்கள் 45, செவ்வாய் 45, புதன் 44.5. கீழே சனி 45, ஞாயிறு 45. ஒவ்வொரு வரியின் முடிவிலும் என் சின்னக் கையெழுத்து.

"வடிவான எழுத்து" என்றார் மெடம்.

அடுப்பில் அகர் பொங்கி வழிந்தது. நான் துணியைத் தேடுகிற சாட்டில் திரும்பி நின்றேன்.

அந்த மண்

மெடம் குடியிருக்கிற தொடர்மாடிக்குப் பின்னால் ரயில் பாதை. பாதைக்கு அந்தப் பக்கம் பாறை, அதற்கு அப்பால் கடல். பாதைக்கும் பாறைக்கும் நடுவில் ஒரு கீற்று மண் இருக்கிறது. துருப் பிடித்த நிறம். ரயில் எண்ணெயும் உப்புத் தூவானமும் பட்டுப் பட்டு, புல்கூட யோசித்துத்தான் முளைக்கும்.

ஒரு நாள் மாலை அங்கே நடந்தபோது, இந்த மண்ணிலும் ஏதாவது சீவிக்கத்தானே வேண்டும் என்று மெடத்துக்குத் தோன்றியிருக்கிறது. மறுநாள் நான் கிருமி போக அவித்துக் கட்டிக் கொடுத்த கரண்டியோடு ருஸ்னா போய்க் கொஞ்சம் அள்ளி வந்தாள்.

ருஸ்னா மெடத்தின் ஆராய்ச்சி மாணவி. தெஹிவளைக்காரி. வாய் ஓயாத பிள்ளை. நோன்பு மாதத்தில் வீட்டிலிருந்து கடற்பாசி இனிப்பு கொண்டுவந்து, "இதும் ஒங்கட அகர்தான் ஸ்டெல்லாக்கா. சீனி போட்டா சாப்பாடு, இறைச்சித் தண்ணி போட்டா விஞ்ஞானம்" என்பாள். நான் பகலில் குசினிக்குள் தனியாக இருந்து சாப்பிடுவேன் என்று தெரிந்து, கதவைத் தட்டி உள்ளே வந்து கதை கொடுக்கிற ஒரே ஆள் அவள்தான்.

மண்ணைத் தண்ணீரில் கரைத்து, இன்னும் கரைத்து, தட்டில் தடவினால் இரண்டு நாளில் புள்ளி புள்ளியாக முளைக்கும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு குடும்பம். அந்தக் கூட்டத்தில் ஒரு புள்ளியை ருஸ்னா தனியே எடுத்து வளர்த்தாள். அதுதான் இந்தக் கதையில் வருகிறது.

குணங்களின் அட்டவணை

ஒரு பற்றீரியா புதிய இனம் என்று உலகத்துக்குச் சொல்வதற்கு, அதன் குணங்களை ஒவ்வொன்றாகச் சோதித்து எழுத வேண்டும். ருஸ்னா நீளமான அட்டவணை ஒன்றைச் சுவரில் ஒட்டியிருந்தாள். இடப் பக்கம் கேள்வி. வலப் பக்கம் கூட்டல் அல்லது கழித்தல். உப்பில் வளருமா, மாப்பொருளைக் கரைக்குமா, நீந்துமா. எனக்கு அப்படி ஓர் அட்டவணை போட்டால் முக்கால்வாசி கழித்தல்தான் விழும் என்று நினைத்துக்கொண்டே அதன் கீழே தரையைத் துடைப்பேன்.

அட்டவணையில் அதன் வடிவம் "கோல்". நுணுக்குக்காட்டியில் ருஸ்னா எனக்குக் காட்டினாள். ஊதாச் சாயம் பிடித்து, தீக்குச்சிகளைக் கொட்டியது போல் கிடந்தது. சாயம் பூசாமல் பார்த்தபோது துள்ளித் துள்ளி ஓடியது.

மாப்பொருள் சோதனைக்குத் தட்டு செய்தது நான். மாவைக் கட்டி படாமல் காய்ச்ச வேண்டும். அது வளர்ந்த பிறகு மேலே அயடீன் ஊற்றினால் தட்டு முழுவதும் கருநீலமாகும். ஆனால் அதைச் சுற்றி ஒரு வளையம் மட்டும் வெளிச்சமாக நிற்கும். சுற்றியிருந்த மாவை அது தின்று தீர்த்துவிட்டது என்று அர்த்தம்.

அட்டவணை கேட்காத குணங்களும் இருந்தன. முதல் நாள் பால் நிறம். இரண்டாம் நாள் ஓரம் அப்பத்தின் கரை போல நெளியும். மூன்றாம் நாள் நடு சுருங்கி மடிப்பு விழும். தட்டை மணக்கக் கூடாது என்பது சட்டம். மூடியைத் தூக்கினால் வாசம் தானாக வரும், அதற்கு என்ன செய்வது? ஊறிய பயறின் வாசம். கழுவ வருகிற நூறு தட்டில், பெயரைப் பார்க்காமல் இதைப் பிரித்து எடுப்பேன்.

நாற்பத்தைந்து பாகை எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்தத் திங்கட்கிழமைதான் எனக்கு விளங்கியது. மெடம் போன பிறகு ருஸ்னா வந்து சொன்னாள்.

"இதுக்கு ஏற்கனவே பேர் வச்ச ஒரு சொந்தக்காரன் ஈக்கிறான் ஸ்டெல்லாக்கா. மரபணுவப் பாத்தா ரெண்டு பேரும் வேறயா ஒண்டா எண்டு தெளிவா செல்ல ஏலாது. எல்லைக்கோட்டுல நிக்கிது. ஆனா அவன் நாப்பது பாகையோட சரி. நம்மட ஆள் நாப்பத்தஞ்சிலயும் வளர்றான். அதத்தான் நாங்க பிடிச்சிக்கிட்டு நிக்கிறோம்."

"அது இல்லாட்டி?"

"இல்லாட்டி புது இனமும் இல்ல, ஒண்டும் இல்ல. ஏன் கேக்குறீங்க?"

"சும்மாதான்" என்றேன்.

அதற்குப் பெயரும் தயாராக இருந்தது. வெள்ளவத்தை என்ற சொல்லுக்கு லத்தீன் வால் ஒன்று ஒட்டி மெடம் வைத்த பெயர்.

வெள்ளிக்கிழமை வழக்கம்

இப்போது என் பிழைக்கு வருகிறேன். வராமல் சுற்றிக்கொண்டே இருந்தால் பக்கம் முடிந்துவிடும்.

சூட்டை ஒரே அளவில் வைத்திருக்கிற பெட்டியை இன்கியூபேட்டர் என்பார்கள். பற்றீரியாத் தட்டுகள் அதற்குள்தான் வளரும். கதவில் ஒரு தாள் தொங்கும். தினமும் காலையில் வெப்பமானியைப் பார்த்து அந்தத் தாளில் எழுதுவது என் வேலை.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வெள்ளிக்கிழமை, எனக்கு முன் அந்த வேலையில் இருந்தவர் எப்படி எழுதுவது என்று காட்டினார். வெள்ளிக்குரியதை எழுதினார். பேனாவை எடுக்காமலே சனி, ஞாயிறு வரிகளையும் நிரப்பினார். "சனி ஞாயிறு யாரு வாறது? கட்டம் வெறுமையா இருந்தா கணக்காய்வுக்கு வாறவங்க கேள்வி கேப்பாங்க" என்றார். நான் தலையாட்டினேன். தலையாட்டுவது எனக்குச் சுலபமாக வரும்.

அன்றிலிருந்து ஒவ்வொரு வெள்ளியும் மூன்று நாளை எழுதினேன். பொய் எழுதுகிறோம் என்று ஒரு தரமும் தோன்றவில்லை. பெட்டி ஓடிக்கொண்டுதானே இருக்கும்? சனிக்கிழமை மட்டும் அதற்கு என்ன வேறு வேலை?

பெட்டி அணைந்திருந்த காலை

ருஸ்னா நாற்பத்தைந்து பாகைச் சோதனைக்குத் தட்டு வைத்தது ஒரு வெள்ளிக்கிழமை. மூன்று தட்டு. நான் வழக்கம்போல் மூன்று நாளையும் எழுதிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

அந்தச் சனிக்கிழமை ஆய்வுகூடப் பக்கம் கரண்ட் போய் வந்திருக்கிறது. ஜெனரேட்டர் குளிர்ப்பெட்டிகளுக்கு மட்டும்தான். எங்கள் இன்கியூபேட்டர் பழையது. கரண்ட் திரும்பி வந்தாலும், யாராவது பொத்தானை அமத்தினால்தான் மறுபடி ஓடும்.

திங்கள் காலை வழக்கம்போல் முதல் ஆளாக நான் போனேன். பெட்டியின் விளக்கு அணைந்திருந்தது. கதவைத் தொட்டேன், சுவரின் சூடுதான் இருந்தது. வெப்பமானி முப்பதைத் தாண்டவில்லை. தாளில் சனி 45, ஞாயிறு 45.

பொத்தானை அமத்தினேன். ருஸ்னா வந்ததும் சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தேன். இதைச் சத்தியமாகச் சொல்கிறேன். ஆனால் அவள் வர ஒன்பதரை ஆகிவிட்டது. அதற்குள் பெட்டி நாற்பத்தைந்துக்கு ஏறியிருந்தது. பையைக்கூட வைக்காமல் கதவைத் திறந்து தட்டுகளை எடுத்தாள்.

"வளந்தீக்கி! ஸ்டெல்லாக்கா, மூணுலயும் வளந்தீக்கி!"

ஓடி வந்து என்னைக் கட்டிப் பிடித்தாள். சூப் வாசச் சேலையோடு சேர்த்து. எங்கள் வீட்டில் கட்டிப் பிடிக்கிற வழக்கம் இல்லை. என்னை அப்படி யாராவது பிடித்து எத்தனை வருடம் என்று எனக்கே தெரியாது. வளர்ந்தது முப்பதில் என்று என் வாயில் இருந்த சொல் உள்ளே போய்விட்டது. அந்த நேரம் போனால் போனதுதான். பத்து மணிக்குச் சொல்வது ஒன்பதரைக்குச் சொல்வதைவிடக் கஷ்டம். மறுநாள் இன்னும் கஷ்டம்.

அந்தச் சோதனையை அவர்கள் திருப்பிச் செய்யவில்லையா என்று வாசகர் கேட்கலாம். செய்திருக்க வேண்டும். அந்த மாதமே பெட்டி முழுதாகப் பழுதாகி, திருத்துவதற்கு வெகு நாள் எடுத்தது. அதற்குள் மரபணு வேலை தொடங்கிவிட்டது. மூன்று தட்டில் பார்த்தது, மூன்று தரம் பார்த்ததாக அட்டவணையில் ஏறிவிட்டது.

என் களவுத் தட்டு

மெடம் கோப்போடு வந்து போன அந்தத் திங்கள் பின்னேரம், இங்கே வேலை செய்த பதினேழு வருடத்தில் செய்யாத ஒரு காரியம் செய்தேன். ருஸ்னா வகுப்புக்குப் போன நேரம், குளிர்ப்பெட்டியிலிருந்து நம் பற்றீரியா இருந்த குழாயை எடுத்து, நெருப்புப் பக்கத்தில் வைத்து, கம்பியால் அதைத் தொட்டு ஒரு தட்டில் கோடு இழுத்தேன். பார்த்துப் பார்த்துப் பழகிய வேலைதான், ஆனால் அவசரத்தில் அகரில் கீறல் விழுந்தது. தட்டை நாற்பத்தைந்து பாகைப் பெட்டியின் அடித்தட்டில் ஒளித்து வைத்தேன்.

உண்மையாகவே அது அந்தச் சூட்டில் வளர்கிற இனமாக இருந்துவிட்டால்? அப்படியென்றால் யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. நான் எழுதியது பொய், அது சொல்வது உண்மை என்று இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும்.

இரண்டு நாள் எனக்கு எந்த வேலையும் கையில் நிற்கவில்லை. உப்பை இரண்டு தரம் போட்டு ஒரு பானை சூப்பைக் கொட்டினேன். புறக்கோட்டையில் இறங்கி மாற வேண்டிய பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்ததையும் விட்டேன். கொட்டாஞ்சேனையில் எங்கள் வீடு இரண்டு அறை. நானும் அக்கா பிலோமினாவும்தான். நான் முன்னறைக்கும் பின்னறைக்கும் நடந்துகொண்டே இருந்தேன்.

"என்னடி, வந்ததுல இருந்து கால் ஒரு எடத்துல நிக்கல? தரை என்ன சுடுதா?" என்றாள் அக்கா.

விஷயத்தைச் சொன்னேன். அவள் மீன் துண்டைத் திருப்பிப் போட்டாள்.

"கண்ணுக்கே தெரியாத பூச்சி. அதுக்குப் பேரு வச்சா என்ன, வைக்காட்டி என்ன? ஒன்ன வேலைய விட்டு நிப்பாட்டினா அது வந்து சோறு போடுமா?"

"அந்தப் புள்ள மூணு வருசமா பாடுபடுது அக்கா."

"அப்ப சொல்லித் தொலை."

"எப்பிடிச் சொல்றது?"

"ஐயோ, இவ கிட்ட பேசி மனுசன் பைத்தியமாயிருவான்" என்று மீனுக்குச் சொல்லிவிட்டு அக்கா அடுப்பைக் குறைத்தாள்.

புதன்கிழமை காலை தட்டை எடுத்தேன். வளர்ந்திருந்தது.

அப்படியே முக்காலியில் இருந்துவிட்டேன். மாதாவே, மாதாவே என்று இரண்டு தரம் சொன்னேன். பிறகு வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன்.

அது நம்முடையது இல்லை.

ஓரம் நெளியவில்லை, வட்டமாக இருந்தது. நடுவில் மடிப்பு இல்லை. எண்ணெய் தடவியது போல் மினுங்கியது. மூடியைத் தூக்கினேன். புளித்த மாவின் வாசம். என் அவசரத்தில் காற்றிலிருந்தோ என் கையிலிருந்தோ விழுந்த வேறு ஏதோ ஒன்று. நான் கோடு இழுத்த தடத்தில் ஒன்றுமே இல்லை. கோட்டுக்கு வெளியே மூன்று புள்ளிகள் மட்டும்.

வேறு யாராவது பார்த்தால் "வளர்ந்திருக்கிறது" என்றுதான் சொல்வார்கள். நானும் அப்படிச் சொல்லிக்கொண்டு இருந்துவிடலாம். பத்து நிமிடமாவது அந்தத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருப்பேன். பிறகு அதை அவிக்கிற யந்திரத்தில் போட்டு மூடினேன்.

கதவு வரை போனேன்

புதன் பின்னேரம் மெடத்தின் அறைக்கதவு வரை இரண்டு தரம் போய்த் திரும்பினேன். ஒரு தரம் அவர் தொலைபேசியில் இருந்தார். மற்றத் தரம் அவர் தனியாகத்தான் இருந்தார். அதனால் திரும்பிவிட்டேன்.

வியாழன் காலை கதவு திறந்திருந்தது. ஸ்கேன் செய்கிற யந்திரத்தின் மூடி தூக்கியிருந்தது. மெடம் கோப்பிலிருந்து அந்தத் தாளை உருவிக்கொண்டிருந்தார்.

"அத அனுப்பாதீங்க மெடம்" என்று வாசலிலிருந்தே சொன்னேன். என் குரல் எனக்கே உரத்துக் கேட்டது.

"ஏன் அக்கா?"

"அதில சனி, ஞாயிறு நான் பாக்கல."

"என்ன பாக்கேல்லை?"

"வெப்பமானி. வெள்ளிக்கிழமையே எழுதிருவேன். அந்தச் சனி கரண்ட் போயிருக்கு மெடம். திங்கள் வந்து பாத்தா பெட்டி அணைஞ்சிருந்துச்சு. முப்பதுலதான் இருந்துச்சு. நான்தான் திரும்பப் போட்டேன்."

மெடம் தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். யந்திரத்தின் மூடியை மெதுவாக இறக்கினார்.

"ருஸ்னாவுக்குத் தெரியுமோ?"

"தெரியாது."

"இப்ப எனக்குச் சொல்ல வேண்டிய தேவை என்ன? எழுதினது ஒருத்தருக்கும் தெரியாதே."

அது கேள்வியா கோபமா என்று எனக்குப் பிடிபடவில்லை. களவுத் தட்டைப் பற்றியும் சொன்னேன். அதில் வளர்ந்தது நம்முடையது இல்லை என்றும் சொன்னேன்.

"எப்பிடித் தெரியும்?"

ஓரம், மடிப்பு, மினுக்கம் எல்லாம் சொன்னேன். வாசத்தையும் சொன்னேன். மெடம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு, "ருஸ்னாவுக்கு நான் சொல்லமாட்டன். நீங்களே போய்ச் சொல்லுங்கோ" என்றார்.

ருஸ்னா நுணுக்குக்காட்டி முன்னால் இருந்தாள். சொன்னேன். மெடத்திடம் சொன்னதில் பாதிச் சொற்கள்கூட வரவில்லை. ஆனால் அவளுக்கு விளங்கிவிட்டது.

"அண்டைக்கு நான் ஒங்களக் கட்டிப் பிடிச்சேனே" என்றாள். "அந்த நேரம் செல்லி இருக்கலாமே ஸ்டெல்லாக்கா. நான் ஒங்கள ஏசவா போறேன்? அண்டைக்கே திருப்பிச் செஞ்சிருப்பேனே."

நான் அவள் மேசையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் அழவில்லை. எழுந்து, "தட்டு ஊத்தி ஈக்கா?" என்று மட்டும் கேட்டாள். இருந்தது. அன்று பின்னேரமே மெடமும் அவளும் சேர்ந்து, ஆளுக்கு ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, மூன்று தட்டை நாற்பத்தைந்தில் வைத்தார்கள். பதிலுக்கு இன்னும் நாள் கேட்டு மெடம் கடிதம் அனுப்பினார்.

எத்தனை சனிக்கிழமை

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். இரவு நன்றாகத் தூங்கினேன்.

வெள்ளி காலை மெடம் கூப்பிட்டார்.

"அக்கா, அந்த ஒரு கிழமை மட்டுமோ?"

எனக்கு விளங்கவில்லை.

"வெள்ளிக்கிழமையே எழுதிறது அந்த ஒரு தரம்தானோ எண்டு கேக்கிறன்."

"இல்ல மெடம். எப்பவும்."

"எப்பவும் எண்டால்?"

"நான் வந்த நாள்ல இருந்து."

மெடம் எழுந்து அலமாரியைத் திறந்தார். பழைய கோப்புகள் எல்லாம் அங்கேதான் இருந்தன. மேசை நிறையும் வரை எடுத்து அடுக்கினார். எனக்கு ஒரு அடிமட்டமும் பென்சிலும் தந்தார். ஒவ்வொரு தாளிலும் சனி, ஞாயிறு வரிகளுக்குப் பக்கத்தில் கோடு போட்டு, "பார்க்கப்படவில்லை" என்று எழுதி, கையெழுத்து வைக்கச் சொன்னார்.

அவரும் எதிரே இருந்து தாள்களைப் புரட்டினார். சில தாள்களில் நிறுத்தி, தனியாக ஒரு கொப்பியில் பெயர் எழுதினார். எனக்கு அந்தப் பெயர்கள் தெரியும். எங்கள் குசினித் தட்டில் வேலை செய்து, பட்டம் வாங்கி, வெளிநாடு போன பிள்ளைகள். சிலர் போகும்போது எனக்கு சாக்லேட் பெட்டி தந்துவிட்டுப் போனவர்கள். அவர்களுடைய சனிக்கிழமைகளும் இந்தத் தாளில்தான் இருந்தன.

"இவை எல்லாருக்கும் நான் எழுதவேணும்" என்றார். "மேலிடத்துக்கும் எழுதவேணும். உங்களையும் எழுதாமல் விட ஏலாது."

"சரி மெடம்."

எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது பிறகுதான். அது வேறு கதை.

மத்தியானம் தாண்டி, பாதிக் கோப்பு முடிந்தபோது மெடம் பேனாவை வைத்தார்.

"நீங்கள் சனிக்கிழமை வாறேல்லை எண்டு எனக்குத் தெரியும் அக்கா. ஷீட்டில சனிக்கிழமை நிரப்பியிருக்கிறதும் தெரியும். இவ்வளவு காலமும் ரெண்டிலயும் கண் பட்டிருக்கு. ஒரு நாளும் ரெண்டையும் சேர்த்துப் பாக்கேல்லை."

நான் கோடு போட்டேன். அடிமட்டத்தின் ஓரத்தில் பென்சில் கரி ஒட்டி, தாள் எல்லாம் கறுத்தது.

ருஸ்னா இரண்டு தரம் அறைக்குள் வந்து போனாள். என்னோடு பேசவில்லை. மூன்றாம் தரம் வந்தபோது ஒரு கோப்பை எடுத்துக்கொண்டு என் பக்கத்துக் கதிரையில் இருந்தாள். "கோடு நான் அடிக்கிறேன். நீங்க கையெழுத்த வைங்க. இப்பிடியே போனா விடிஞ்சிரும்" என்றாள், என்னைப் பார்க்காமல்.

கடைசித் தாள் முடியும்போது நாலரை. பின்னேர ரயில் போகிற சத்தம் தூரத்தில் கேட்டது. என் கையெழுத்து வர வர என்னுடையது போலவே இல்லை.

"நாளைக்கு நான் வரவா மெடம்?" என்று கேட்டேன்.

"நாளைக்குச் சனிக்கிழமை."

"தெரியும்."

"காவல்காரரிட்ட சொல்லி வைக்கிறன். திறப்பு அவரிட்ட வாங்குங்கோ" என்றார் மெடம்.

மறுநாள் நான் போனேன். காலை ஒன்பது மணிக்கு வெப்பமானி நாற்பத்துநாலரை காட்டியது. அதை எழுதினேன். பின்னேரம் மெடமும் ருஸ்னாவும் வந்து பெட்டியைத் திறந்தார்கள். மூன்று தட்டிலும் ஒன்றும் வளர்ந்திருக்கவில்லை. ருஸ்னா சுவரில் இருந்த அட்டவணையில் நாற்பத்தைந்து பாகைக்குரிய கூட்டலை வெட்டிக் கழித்தல் போட்டாள்.